சவர்க்காரத்துக்கு 3 ரூபா, ஆளுக்கு 76 ரூபா: பதுளையில் கண்ணாடி துடைக்கும் சிறுதொழிலின் மாதக் கணக்கு

"குறைந்த முதலில் தொடங்கக்கூடிய சுயதொழில்கள்" என்ற பட்டியல்களில் சுத்திகரிப்பு வேலை எப்போதும் இருக்கும். கடை வாடகை தேவையில்லை, இயந்திரம் தேவையில்லை, ஒரு வாளி, ஓர் ஏணி, நாலு துணி போதும் என்று சொல்வார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களும் இதையே சொல்வதுண்டு. பிரித்தானியாவில் ஜன்னல் கண்ணாடி துடைப்பது ஒருவர் தனியாகச் செய்யும் வழக்கமான தொழில். ஒரே தெருவில் உள்ள வீடுகளை மாதம் ஒருமுறை சுற்றி வந்து துடைத்துவிட்டுக் காசு வாங்குவார்கள்.

நம் நாட்டில் ஜன்னலை மட்டும் துடைப்பது பெரும்பாலும் தனித்தொழிலாக இல்லை. அது பொதுவான சுத்திகரிப்பு வேலையின் ஒரு பகுதி. ஆனாலும் ஊவா மாகாணத்துத் தோட்டப் பிள்ளைகள் பலருக்கு இந்த வேலை தெரியும். கொழும்பில் சுத்திகரிப்பு நிறுவனங்களிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்தவர்கள் அங்கே கற்றுக்கொண்டதுதான். ஊருக்குத் திரும்பி, இருவர் மூவராகச் சேர்ந்து சொந்தமாகச் செய்தால் என்ன என்று யோசிப்பது இயல்பு.

அப்படி யோசிப்பவர்களுக்கும், அவர்களுக்குக் கடன் அல்லது உதவி கொடுக்க நினைப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை. தொழில் தொடங்க என்ன வேண்டும் என்பது இங்கே விடயமல்ல. தொடங்கிய பிறகு மாதாமாதம் என்ன செலவாகும் என்பதுதான். வடக்கு கிழக்கில் யுத்தத்துக்குப் பின்னான வாழ்வாதார உதவிகளைக் கண்ட வாசகர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். மாடு கிடைத்தது, தீவனத்துக்குக் காசு இல்லை. தையல் இயந்திரம் கிடைத்தது, துணி வாங்கவும் தைத்ததை விற்கும்வரை தாக்குப் பிடிக்கவும் வழி இல்லை. பொருளைக் கொடுத்தவர்கள் அதை நடத்தும் செலவைக் கணக்கில் எடுக்கவில்லை.

கண்ணாடி எங்கே இருக்கிறது?

பதுளை நகரில் வங்கிகள், நிதி நிறுவனங்கள், தனியார் மருத்துவமனைகள், தொலைபேசிக் கடைகள், வாகன விற்பனை நிலையங்கள் இருக்கின்றன. பண்டாரவளையிலும் அப்படியே. எல்ல நகரம் உல்லாசப் பயணிகளால் வளர்ந்தது. அங்குள்ள விடுதிகள் மலைக் காட்சியைத்தான் விற்கின்றன. ஆகவே அறையின் ஒரு சுவர் முழுவதும் கண்ணாடியாகவே இருக்கும் இடங்கள் உண்டு. கண்ணாடி மங்கினால் காட்சியும் மங்கிவிடும். ஹப்புத்தளை, தியத்தலாவை, வெலிமடை பக்கங்களில் விடுதிகளாக மாறிய பழைய பங்களாக்களும் இருக்கின்றன.

தேயிலைத் தொழிற்சாலைகளை மறந்துவிடக் கூடாது. பழைய தொழிற்சாலைகளின் மேல்மாடிகள் கொழுந்தை வாடவைக்கும் தளங்கள். காற்றோட்டத்துக்காக அங்கே வரிசையாக ஜன்னல்கள் வைத்திருப்பார்கள். ஆனால் அவற்றைத் துடைக்கத் தோட்டத்திலேயே சம்பளத்துக்கு ஆட்கள் இருப்பதால், வெளியாளுக்கு அந்த வேலை கிடைப்பது அரிது.

எனவே இந்தத் தொழிலின் சந்தை என்பது பதுளை, பண்டாரவளை, எல்ல ஆகிய மூன்று ஊர்களும் அவற்றுக்கு இடையிலான மலைப்பாதையும்தான். அந்தப் பாதையே செலவின் பெரிய பகுதியாக மாறுவதைப் பின்னால் பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியும் செலவு

முதலில் கையில் பிடிக்கும் பொருட்கள். பித்தளைப் பிடியில் மெல்லிய இறப்பர் பட்டி பொருத்திய வைப்பர்தான் இந்தத் தொழிலின் முக்கிய கருவி. இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த எட்டோரே ஸ்டெக்கோனே என்ற ஜன்னல் துடைக்கும் தொழிலாளி 1936இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. பிடி பல வருடம் உழைக்கும். இறப்பர் உழைக்காது. ஓரம் தேய்ந்தாலோ வெட்டுப்பட்டாலோ கண்ணாடியில் கோடு விழும். கோடு விழுந்தால் அதே ஜன்னலை மறுபடி துடைக்க வேண்டும். தேய்ந்த இறப்பரை மாற்றாமல் மிச்சம் பிடிப்பவர், அந்தக் காசைத் தன் நேரத்தால் கட்டுகிறார்.

சவர்க்காரம் மிகக் குறைவாகவே செலவாகும். ஒரு வாளித் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் போதும். கூடப் போட்டால் நுரை காய்ந்து படலமாகிவிடும்.

தண்ணீர் காசு இல்லாமல் கிடைக்கும், பெரும்பாலும் வாடிக்கையாளரின் குழாயில்தான் பிடிப்பார்கள். ஆனால் எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். உப்பும் சுண்ணாம்பும் கூடிய நீர் கண்ணாடியில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விடும். வெளிநாடுகளில் நீண்ட கம்பத்தின் நுனியில் தூரிகை பொருத்தி, உப்பு நீக்கிய நீரைப் பாய்ச்சிக் கழுவுகிறார்கள். அந்த நீர் தானாகக் காய்ந்தாலும் புள்ளி விடாது, துடைக்கவும் தேவையில்லை. வன்னியிலும் வடமத்தியிலும் குடிநீருக்காக அமைக்கப்பட்ட ஆர்.ஓ. இயந்திரங்களின் அதே தத்துவம்தான். சிறுதொழில் செய்பவர் அந்த இயந்திரத்தைத் தொடக்கத்தில் வாங்கத் தேவையில்லை. கிணற்று நீரில் கழுவிய கண்ணாடியை வெயிலில் காயவிடாமல் உடனே வழித்துவிட்டால் போதும்.

அதனால்தான் உச்சி வெயிலில், வெயில் நேராக விழும் பக்கத்தைத் துடைக்க முடியாது. காலையில் மேற்குப் பக்கம், பின்னேரம் கிழக்குப் பக்கம் என்று கட்டடத்தைச் சுற்றி வேலை செய்ய வேண்டும். ஒரு நாளில் உண்மையில் கண்ணாடியில் கை வைக்கும் நேரம் எட்டு மணித்தியாலம் அல்ல. பயணம், ஏணி வைத்தல், வெயில், சாப்பாடு எல்லாம் போக ஆறு மணித்தியாலம் கிடைத்தால் நல்லது.

துணி பற்றி ஒரு விடயம். மைக்ரோஃபைபர் துணி மலிவுதான். ஆனால் ஒவ்வொரு நாளும் இருபது முப்பது துணி அழுக்காகி வீட்டுக்கு வரும். அதைத் துவைப்பது யார்? மழைக்காலத்தில் லயத்து வாசலில் அதைக் காயவைக்கப் பாடுபடுவது யார்? பெரும்பாலும் அம்மா, மனைவி, தங்கை. காலையில் மலைக்குப் போய்க் கொழுந்து பறித்துவிட்டு வந்தவர் மாலையில் அந்தத் துணியையும் துவைப்பார். எந்தத் தொழில் திட்டத்திலும் அந்த உழைப்புக்கு ஒரு ரூபாகூட எழுதப்படுவதில்லை.

ஆளுக்கு எவ்வளவு?

இனி எழுதப்பட வேண்டிய செலவுக்கு வருவோம். ஏணியைப் பிடிக்க ஒருவர் வேண்டும் என்பதால் இந்தத் தொழிலைத் தனியாகச் செய்வது ஆபத்து. ஆகவே உரிமையாளரும் ஓர் உதவியாளரும் என்று வைத்துக்கொள்வோம்.

இலங்கையில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2024இல் 17,500 ரூபாவாகவும், 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. உதவியாளருக்குக் குறைந்தது அதைக் கொடுக்க வேண்டும். அதோடு முடியாது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் செலுத்த வேண்டும். 30,000 ரூபாவுக்கு இது 4,500 ரூபா. ஆக முதலாளியின் கையிலிருந்து போவது 34,500 ரூபா. தொழிலாளியின் பங்கான 8 வீதம், அதாவது 2,400 ரூபா, சம்பளத்திலிருந்து கழியும். அவர் கைக்கு 27,600 ரூபா வரும்.

"ஒரு ஆள்தானே, இதற்கெல்லாம் சேமலாப நிதி எதற்கு" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் சட்டம் பொருந்தும். நாட்கூலி என்றாலும் பொருந்தும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சேமலாப நிதியின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. பெற்றோர் ஓய்வுபெறும்போது மொத்தமாகக் கையில் வந்த காசு பெரும்பாலும் அதுதான். அதை நம் உதவியாளருக்கு மறுத்துவிட்டுத் தொழில் லாபத்தில் ஓடுகிறது என்று சொல்வது சரியான கணக்கல்ல.

அடுத்தது உரிமையாளரின் சம்பளம். பெரும்பாலான சிறுதொழில்களில் விடுபடுவது இதுதான். "மிஞ்சுவது எனக்கு" என்று நினைக்கிறோம். மிஞ்சுவது நமது சம்பளத்தைவிடக் குறைவாக இருந்தால் தொழில் நட்டத்தில் ஓடுகிறது என்று பொருள். ஆனால் சம்பளமே எழுதாததால் அந்த நட்டம் கண்ணில் படாது.

உரிமையாளருக்கு எவ்வளவு எழுதுவது? வேறு எங்கே போனால் என்ன கிடைக்குமோ அதைக் குறைந்த அளவாக எழுதலாம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் ஆனது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாவும், அரசாங்கத்தின் வருகை ஊக்குவிப்பாக 200 ரூபாவும் என மொத்தம் 1,750 ரூபா அறிவிக்கப்பட்டது. மாதம் 25 நாள் முழுப்பேர் விழுந்தால் 43,750 ரூபா. அந்தச் சம்பளம் போதாது என்பதுதான் தோட்ட மக்களின் பல வருடப் போராட்டம். இங்கே அதைக் குறைந்தபட்ச அளவுகோலாக மட்டும் எடுக்கிறோம். சொந்தத் தொழில் இதைக்கூடத் தரவில்லை என்றால், மலையை விட்டு இறங்கியதில் பொருளாதார லாபம் இல்லை.

வழிச்செலவு

பதுளைக்கு அருகில் உள்ள ஒரு தோட்டத்தில் இருந்துகொண்டு ஒரு நாள் நகரத்திலும் மறுநாள் எல்லவிலும் இன்னொரு நாள் பண்டாரவளையிலும் வேலை செய்தால், நாளொன்றுக்குச் சராசரியாக 40 கிலோமீற்றர் ஓடவேண்டி வரும் என்று வைத்துக்கொள்வோம். ஏணியும் கம்பமும் இருப்பதால் பஸ்ஸில் போக முடியாது. குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு முச்சக்கரவண்டி இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். லீசிங் கட்டணம் இருந்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

20 வேலை நாட்களுக்கு 800 கிலோமீற்றர். மலைப்பாதையில் லீற்றருக்கு 25 கிலோமீற்றர் என்றால் 32 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று கொண்டால் 9,600 ரூபா. டயர், எண்ணெய், பிரேக், திருத்தவேலைக்குக் கிலோமீற்றருக்கு 5 ரூபா ஒதுக்கினால் 4,000 ரூபா. இதை ஒவ்வொரு மாதமும் தனியே எடுத்து வைக்காவிட்டால், வண்டி நின்றுபோகும் நாளில் வட்டிக்குத்தான் வாங்க வேண்டி வரும்.

எரிபொருள் விலை நம் கையில் இல்லை. ஒக்டேன் 92 பெற்றோல் 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபா. 2022 ஜூன் மாத இறுதியில் 470 ரூபா. அதன் பிறகு கியூஆர் முறை தொடங்கியபோது முச்சக்கரவண்டிக்கு வாரம் 5 லீற்றர் மட்டும். மேலே சொன்ன ஓட்டத்துக்கு வாரம் 8 லீற்றர் வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய வடபகுதி வாசகர்களுக்கு, எரிபொருளை நம்பிய தொழில் எவ்வளவு எளிதில் நின்றுபோகும் என்று விளக்கத் தேவையில்லை.

இதற்கு ஒரே பரிகாரம் வேலையை நெருக்கமாக வைத்துக்கொள்வது. ஒரு கடைமுகப்புக்கு 20 நிமிடம் என்று வைப்போம். அடுத்த கடை பக்கத்தில் இருந்து 5 நிமிடத்தில் மாறிவிட்டால் ஆறு மணித்தியாலத்தில் 14 கடை முடியும். அடுத்த வேலைக்குப் போக 20 நிமிடம் ஆனால் 9 கடைதான். செலவு இரண்டு நாளும் ஏறக்குறைய ஒன்றுதான். பதுளையில் ஒரே தெருவில் பத்துக் கடை பிடிப்பது, மூன்று ஊர்களில் பத்துக் கடை பிடிப்பதைவிட மேல்.

வாரக் கடன்

லயத்தில் வாழும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் காணி உறுதி இல்லை. உறுதி இல்லாமல் வங்கியில் ஈடு வைக்க முடியாது. தனி விலாசம் இல்லாமல் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்துசேரும் நிலையும் நீண்ட காலப் பிரச்சினை. இதனால் தொழிலைப் பதிவு செய்யும் இடத்திலேயே சிக்கல் தொடங்குகிறது. கைக்கு எட்டுவது குழுப் பிணையில் கிடைக்கும் வாரக் கடன். மலையகத்தைப் போலவே வடக்கிலும் கிழக்கிலும் பெண்களை நெரித்த அதே முறை.

ஒரு எடுத்துக்காட்டு. 100,000 ரூபா கடன், "வருடத்துக்கு 24 வீதம்", 52 வாரத்தில் கட்டி முடிக்க வேண்டும். மொத்தம் 124,000 ரூபா. வாரம் 2,385 ரூபா. கேட்கும்போது 24 வீதம் என்றுதான் காதில் விழும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே முதலும் சேர்ந்து திரும்பப் போகிறது. ஆறு மாதத்தில் பாதிக் கடன் அடைந்த பிறகும் முழு ஒரு இலட்சத்துக்கும் வட்டி கட்டுகிறோம். கையில் உண்மையாக இருக்கும் கடன் தொகைக்குக் கணக்குப் பார்த்தால் வருட வட்டி ஏறக்குறைய 44 வீதம். கடன் கொடுப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை வீதம்" என்பதல்ல. "குறைந்து செல்லும் மீதிக்கு எத்தனை வீதம்" என்பதே.

இந்தக் கடனில் வட்டி மாதம் 2,000 ரூபா செலவு. முதல் திரும்பச் செலுத்துவது மாதம் 8,333 ரூபா. முதலைச் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. ஆனால் காசு கையை விட்டுப் போகும்.

மாதக் கணக்கு

இப்போது எல்லாவற்றையும் ஒரு தாளில் போடுவோம். சம்பளமும் நிதிப் பங்களிப்பும் சட்டப்படியானவை. மற்றவை எடுத்துக்காட்டுக்காக வைத்த தொகைகள். ஒவ்வொருவரும் தன் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

உதவியாளர் சம்பளமும் நிதிகளும்: 34,500 ரூபா
பெற்றோல்: 9,600 ரூபா
வண்டித் தேய்மானமும் திருத்தமும்: 4,000 ரூபா
சவர்க்காரம், துணி, இறப்பர்: 3,000 ரூபா
ஏணி, கம்பம், வாளி (60,000 ரூபா, 24 மாதம் உழைக்கும் என்று கொண்டு): 2,500 ரூபா
காப்புறுதி, பதிவு, உரிமக் கட்டணங்களின் மாதப் பங்கு: 2,000 ரூபா
தொலைபேசி: 1,500 ரூபா
கடன் வட்டி: 2,000 ரூபா
உரிமையாளர் சம்பளம்: 43,750 ரூபா

மொத்தம் 102,850 ரூபா. மாதம் 20 நாள் வேலை என்றால் ஒரு நாளின் செலவு 5,142 ரூபா. லாபம் இன்னும் எழுதப்படவில்லை.

நூறு ரூபா செலவில் சவர்க்காரம், துணி, இறப்பர் எல்லாம் சேர்ந்து 3 ரூபா. இருவரின் உழைப்பு 76 ரூபா. வழிச்செலவு 13 ரூபா. மற்றதெல்லாம் 8 ரூபா. வாடிக்கையாளர் "ஒரு வாளித் தண்ணீருக்கு இவ்வளவா" என்று கேட்கும்போது அவர் பார்ப்பது அந்த மூன்று ரூபாவை மட்டும்தான்.

உரிமையாளர் தன் சம்பளத்தை எழுதாவிட்டால் என்ன நடக்கும்? மாதச் செலவு 59,100 ரூபா, நாளுக்கு 2,955 ரூபா என்று தெரியும். ஆகவே நாளுக்கு 4,000 ரூபாவுக்கு வேலை எடுத்தால் ஆயிரத்துக்கு மேல் லாபம் என்று நம்புவார். மாத வருமானம் 80,000 ரூபா. செலவு போக 20,900 ரூபா. அதிலிருந்து கடன் முதல் 8,333 ரூபா போனால் கையில் 12,567 ரூபா. அவருடைய உதவியாளர் வீட்டுக்குக் கொண்டுபோகும் 27,600 ரூபாவில் பாதிகூட இல்லை.

இந்த இடத்தில்தான் வெட்டத் தொடங்குவார்கள். முதலில் உதவியாளரின் சேமலாப நிதி. அடுத்து காப்புறுதி. பிறகு ஏணியை மாற்றுவதைத் தள்ளிப்போடுவது. தொழில் ஓடுவதுபோல் தெரியும். உண்மையில் அதன் செலவை உதவியாளரின் முதுமையும் இருவரின் உயிரும் சுமக்கின்றன.

வேலை இல்லாத நாள்

மேலே 20 நாள் என்று வைத்தோம். ஊவாவில் அது எல்லா மாதமும் கிடைக்காது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றை ஒட்டிய மழை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று. வடக்கில் சோளகம் என்றும் கிழக்கில் கச்சான் என்றும் சொல்லும் காற்றின் காலம் அது. ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தருவது இந்தக் காலம். கண்ணாடிக்குத் தூசியைக் கொண்டுவருவதும் அதுவே. ஆகவே காற்றுக் காலத்தில் வேலை கூடும், மழைக்காலத்தில் குறையும்.

மழையால் 14 நாள்தான் வேலை என்றால் பெற்றோலும் சவர்க்காரமும் கொஞ்சம் மிச்சமாகும். மொத்தச் செலவு 97,870 ரூபாவுக்கு இறங்கும். ஆனால் ஒரு நாளின் செலவு 6,990 ரூபாவுக்கு ஏறிவிடும். நல்ல மாதத்தில் 26 நாள் வேலை கிடைத்தால் அது 4,147 ரூபா. ஆகவே நல்ல மாதத்தின் கணக்கை வைத்து விலை பேசினால் மழை மாதத்தில் கடன் வரும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி 600க்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மண்சரிவுகளால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மலையக ரயில் பாதையும் பல வீதிகளும் துண்டிக்கப்பட்டன. அப்படியான நாட்களில் விடுதிகள் வெறிச்சோடும், ஜன்னல் துடைப்பதை யாரும் நினைக்கமாட்டார்கள். ஆனால் உதவியாளருக்கு வயிறு இருக்கிறது, வாரக் கடனுக்கும் தவணை இருக்கிறது. குறைந்தது ஒரு மாதச் செலவையாவது கையில் வைத்துக்கொள்ளாமல் இந்தத் தொழிலில் இறங்குவது, குடை இல்லாமல் கொழுந்து மலைக்குப் போவதுபோல.

ஏணி

ஏணிக்கு ஒரு எளிய விதி இருக்கிறது. நாலு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற அளவில் அதன் கால் சுவரிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். எட்டு அடி உயரத்துக்கு இரண்டு அடி, பன்னிரண்டு அடிக்கு மூன்று அடி. தரை சமமாக இருக்க வேண்டும். மலைச்சரிவில் கட்டிய விடுதிகளில் பெரும்பாலும் தரை சமமாக இருப்பதில்லை. முன்பக்கம் ஒரு மாடியாகத் தெரியும் கட்டடம் பின்பக்கம் மூன்று மாடியாக இறங்கும். அங்கே ஏணி வைப்பதற்குப் பதிலாக நீண்ட கம்பத்தால் தரையில் நின்று கழுவுவது, அதுவும் முடியாவிட்டால் "இந்தப் பக்கம் எங்களால் முடியாது" என்று சொல்வது, இரண்டும் தொழிலின் பகுதி.

பிரித்தானியாவில் 2005இல் வந்த உயர வேலை ஒழுங்குவிதிகள், தவிர்க்கக்கூடிய இடங்களில் உயரத்தில் வேலை செய்வதையே தவிர்க்கச் சொல்கின்றன. இலங்கையில் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 முதல் இருக்கிறது. வேலையின்போது ஏற்பட்ட விபத்தில் தொழிலாளி காயப்பட்டாலோ இறந்தாலோ நட்டஈட்டுக்கு முதலாளி பொறுப்பு. காப்புறுதி இல்லாத சிறு உரிமையாளருக்கு ஒரே ஒரு விழுதல் போதும், தொழில் முடிந்துவிடும். மாதம் 2,000 ரூபாவை மிச்சம் பிடிப்பவர் பந்தயம் கட்டுவது அதைத்தான்.

விலை பேசுவது

இத்தனை கணக்கும் தெரிந்தாலும் விலையைச் சொல்வது எளிதல்ல. கழுவும், கூட்டும், துடைக்கும் வேலையைக் குறிப்பிட்ட மக்களின் தலையில் கட்டிவைத்த சமூகம் நம்முடையது. அந்த வேலைக்குத் திறமை வேண்டும், நியாயமான விலை உண்டு என்பதை ஏற்க நமக்கு இன்னும் மனம் வருவதில்லை. தோட்டத்துப் பிள்ளை வந்து விலை சொன்னால் பேரம் இன்னும் கூடும். இதற்கு உரத்த குரலில் பதில் சொல்வதைவிட எழுத்தில் கொடுப்பது நல்லது. எத்தனை ஜன்னல், உள்ளும் புறமுமா, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு, எப்போது காசு என்று ஒரு தாளில், வாடிக்கையாளரின் மொழியில்.

"எப்போது காசு" என்பதும் செலவுதான். பெரிய நிறுவனங்களும் விடுதிகளும் மாதக் கடைசியில் அல்லது அடுத்த மாதத்தில் பணம் தரும். அதுவரை பெற்றோலும் சம்பளமும் நம் கையிலிருந்து. அறுபது நாள் பிந்தி வரும் பணத்துக்காக வாரக் கடன் எடுத்தால், அந்த 44 வீத வட்டியை நாம் விடுதிக்காகக் கட்டுகிறோம். சிறு கடைகள் வேலை முடிந்ததும் கையில் காசு தருவதால், குறைந்த தொகை என்றாலும் அவற்றில் ஒரு பங்கு இருப்பது நல்லது.

வரி பற்றியும் ஒரு சொல். வற் வரி 2022 நடுப்பகுதியில் 8 வீதத்திலிருந்து 12 வீதமாகி, 2024 ஜனவரியில் 18 வீதத்தை அடைந்தது. இப்படியான சிறுதொழில் அந்த வரிக்குப் பதிவு செய்யும் அளவை நெருங்காது. ஆகவே வாடிக்கையாளரிடம் வற் கேட்க முடியாது. ஆனால் நாம் வாங்கும் ஏணி, துணி, திரவம் ஆகியவற்றின் விலைக்குள் அந்த வரி இருக்கிறது. பதிவு செய்த பெரிய நிறுவனம் அதைக் கழித்துக்கொள்ளும். சிறியவர் முழுவதையும் சுமக்கிறார்.

யார் என்ன செய்யலாம்?

தொழில் தொடங்க நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு கொப்பி. ஒவ்வொரு நாளும் ஐந்து விடயம் எழுதினால் போதும்: வேலை செய்த மணித்தியாலம், ஓடிய கிலோமீற்றர், செலவழித்த காசு, கையில் வந்த காசு, வர வேண்டிய காசு. மூன்று மாதத்தில் தன் ஒரு நாளின் உண்மையான செலவு தெரிந்துவிடும். அதற்குக் கீழே வரும் வேலையை மறுக்கும் தைரியமும் அதிலிருந்தே வரும். துணி துவைக்கும் வீட்டுப் பெண்ணின் நேரத்தையும் அந்தக் கொப்பியில் எழுதுங்கள். காசு கொடுக்க முடியாத மாதத்திலும் கடன் என்றாவது எழுதியிருக்கட்டும்.

உதவி கொடுப்பவர்களுக்கு வேறு ஒரு கேள்வி இருக்கிறது. பிரதேச செயலகமோ, தொண்டு நிறுவனமோ, புலம்பெயர் உறவினரோ, ஏணியும் வாளியும் வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது எளிது. நம் கணக்கில் அந்தக் கருவிகளின் மொத்த விலை 60,000 ரூபா. உரிமையாளரின் சம்பளத்தைச் சேர்க்காமலே தொழிலை ஒரு மாதம் ஓட்ட 59,100 ரூபா வேண்டும். அதாவது கருவி வாங்கிய அளவு பணம் ஒவ்வொரு மாதமும் வேண்டும். கருவிக்குக் கொடுப்பவர் முதல் மூன்று மாதச் செலவுக்கும் சேர்த்துக் கொடுத்தால்தான் அந்த உதவி உதவியாக நிற்கும். இல்லாவிட்டால் இடைவெளியை வாரக் கடன் நிரப்பும்.

அரசின் பக்கம், தோட்டக் குடும்பத்துக்குக் காணியும் விலாசமும் கிடைக்காதவரை மலிவான வங்கிக் கடன் அவர்களுக்கு எட்டாது. காணி உரிமையை வீட்டுப் பிரச்சினையாக மட்டும் பேசிப் பழகிவிட்டோம். ஒரு சிறுதொழில் குறைந்த வட்டிக்குக் கடன் பெறுமா, 44 வீதத்துக்குப் பெறுமா என்பதையும் அந்தக் காணி உறுதிதான் தீர்மானிக்கிறது.